குட்டி ஈனும் தேரை

மாரிக்காலத்தில் குட்டையோரஞ் சென்று நின்றவர் எவரும், நீரில் மிதக்கும் வழுவழுப்பான தவளை முட்டைத் திரளையும், சின்னாட்களில் அதனினின்று வெளிப்பட்டு வாலையாட்டித் திரியும் தலைப்பிரட்டைகளையும் கண்டிருப்பர். முட்டை, தலைப்பிரட்டை, தவளை என்னும் இம்முறையையே நாம் பள்ளியில் பயின்றோம். ஆயின் உலகிலுள்ள ஏழாயிரத்துக்கு மேற்பட்ட தவளை தேரை வகைகளுள் மிகச் சில, இம்முறையைக் கைவிட்டுக் கருவை வயிற்றிலேயே தாங்கி, உருவம் நிரம்பிய குட்டிகளை ஈனுகின்றன.

இவ்வழக்கம் தோன்றியதற்குக் காரணம் காண்பது அரிதன்று. தவளை முட்டைக்குப் பறவை முட்டையைப் போல் ஓடு இல்லை. வெயில் பட்டால் அது உலரும். குளம் வற்றினால் தலைப்பிரட்டைகள் மடியும். எஞ்சியவற்றை மீன்கள் உண்ணும். குளமில்லாத மலைச்சரிவில் வாழும் பிராணி யாது செய்யும்? தன் வயிற்றையே குளமாக்கிக் கொள்கின்றது. எனினும் இதற்கொரு தடையுண்டு. பெரும்பாலான தவளைகளில், பெண் வெளியிட்ட முட்டைகளின்மேலேயே ஆண் விந்தைச் சொரியும். கருவைச் சுமக்க வேண்டுமாயின், உடலினுள்ளேயே கருவுறுதல் நிகழ வேண்டும். இவ்வகைத் தேரைகள் அதனையும் கைவரப் பெற்றுள்ளன.

தவளைக்கு உறவான வாலுள்ள பிராணிகளிலும் இவ்வழக்கம் உண்டு. ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலையில் வாழும் கருநிற ஸலமாந்தர், இரண்டு மூன்று ஆண்டுகள் சூல் தாங்கிப் பெரும்பாலும் இரண்டே குட்டிகளை ஈனும். யானையின் சூற்காலமும் ஏறக்குறைய 22 திங்களேயன்றோ!

மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள நிம்பா மலையின் உச்சிப் புல்வெளியில் ஒரு சிறு தேரை வாழ்கின்றது. இதனை 1943-ஆம் ஆண்டில் ஆஞ்ஜெல் என்னும் பிரெஞ்சு அறிஞர் உலகிற்கு அறிவித்தார். இதன் கருப்பகாலம் ஒன்பது திங்கள். வறட்சிக் காலத்தில் தாய் மண்ணுக்குள் ஒடுங்கிக் கிடக்கும். மழை வந்தபின் ஈனும். இதன் முட்டையில் கருவுணவு மிகக் குறைவு, நச்சுக்கொடியும் இல்லை. தாயின் கருக்குழாய் சுரக்கும் பால் போன்ற நீரைக் குட்டிகள் வாயால் அருந்தி வளர்கின்றன.

இனி, யான் சிறப்பாகக் கூற விழைவது கீழ்த்திசை ஆப்பிரிக்காவைச் சேர்ந்த கிகான்ஸித் தேரையின் வரலாறு. தான்ஸானியா நாட்டில் உட்ஸுங்வா மலையினின்று கிகான்ஸி என்னும் ஆறு அருவியாய் வீழ்கின்றது. அவ்வருவித் திவலை ஓயாது நனைக்கும் சில ஏக்கர் நிலமே இத்தேரையின் உலகம். மஞ்சள் நிறமுள்ள இதன் பெண், ஓர் அங்குலத்தைச் சற்றே விஞ்சும். பிறந்த குட்டியோ நெல்மணியளவினும் சிறிது. குளத்தின் தயவின்றி வாழக் கற்ற இப்பிராணி, திவலையின் தயவின்றி வாழக் கற்கவில்லை.

1996-ஆம் ஆண்டில் இது கண்டறியப்பட்டபோதே, அங்கு மின்னாக்கத்திற்கென அணை கட்டும் வேலையும் நடந்துகொண்டிருந்தது. அணை முடிந்து, 2000-ஆம் ஆண்டளவில் ஆற்றுநீரின் பெரும்பகுதி குகை வழியே திருப்பப்பட, திவலை ஓய்ந்தது. மின்சாரம் அந்நாட்டு மக்களுக்கு இன்றியமையாதது. விளக்கின்கீழ் அமர்ந்து எழுதும் நாம் அதனைப் பழித்தல் எளிதன்று. அவர்களும் வாளாவிருந்தாரல்லர். குழாய்கள் அமைத்துச் செயற்கைத் தூவானம் பொழிவித்தனர். அதனால் தேரைகள் மீண்டும் பெருகின. ஆனால் 2003-ஆம் ஆண்டில், தோலைப் பற்றும் பூஞ்சை நோய் அங்கே காணப்பட்டது. சில திங்களில் ஆயிரக்கணக்கானவை அழிந்து, விரல்விட்டு எண்ணத்தக்கவையே எஞ்சின. காட்டில் இவ்வினம் அற்றுப்போயிற்றென்று 2009-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது.

நல்வினையாக, 2000-ஆம் ஆண்டிலேயே 499 தேரைகள் அமெரிக்கா கொண்டுசெல்லப்பட்டிருந்தன. அவையும் முதலில் நூற்றுக்குக் கீழாகக் குன்றின. பின்னர், நியூயார்க்கு நகரத்துப் பிராங்ஸிலும் டொலீடோவிலும் உள்ள விலங்குச் சாலைகளில், கண்ணாடிப் பெட்டிகளுள் இடையறாது நீர்த்தூவி வளர்த்தனர். அங்கே தாய்த்தேரைகள் ஈன்று ஈன்று, அவ்வினம் ஆயிரக்கணக்காய்ப் பெருகிற்று. 2010-ஆம் ஆண்டில் முதற் கூட்டம் விமானமேறித் தான்ஸானியா திரும்பியது. 2012-ஆம் ஆண்டில், தூவானக் குழாய்கள் நனைத்த அதே மலைச்சரிவில் அவற்றின் வழித்தோன்றல்களை மீண்டும் விட்டனர்.