வால்வு ஆம்ப்ளிஃபையரில் பேஸ் கிட்டார் ஏன் இதமாக ஒலிக்கிறது?

பெங்களூரு பொம்மனஹள்ளியிலிருந்து கோரமங்களா, இந்திராநகர் மேடைகளுக்கு பேஸ் கிட்டாரோடு கிளம்புபவரா நீங்கள்? ஆம்ப்ளிஃபையர் வாங்குமுன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பேஸின் தடித்த 'இ' தந்தி நொடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. இவ்வளவு தாழ்ந்த ஒலி அரங்கை நிறைக்க நிறைய வாட் தேவை. ஓங்கி வாசித்தால் ஆம்ப்ளிஃபையர் தன் எல்லையை முட்டிவிடும். அப்போது என்ன ஆகும்?

படியில் குவித்த அரிசியைக் கோலால் வழித்தால் மேல்பக்கம் தட்டையாகும். உள்ளங்கையால் அமுக்கினால் வளைவாகவே அமரும். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர், எல்லையை முட்டும்போது ஒலி அலையின் உச்சியைக் கோல் போல வழித்துவிடும், காதில் கரகரக்கும். வெற்றிடக் குழாயான வால்வு, உள்ளங்கை போல மெல்ல அமுக்கும். மூலச் சுருதிக்கு இசைவான மேற்சுரங்கள் கூடும். அதுதான் அந்த இதம்.

1969இல் வந்த 300 வாட் வால்வு ஆம்ப்ளிஃபையர் 'ஆம்பெக் எஸ்.வி.டி.' இந்த ஒலிக்குப் பேர்போனது. ஆனால் எடை 35 கிலோவுக்கு மேல்; ஸ்பீக்கர் பெட்டி தனி! ஓசூர் சாலை நெரிசலில் அதைச் சுமப்பது பெரும்பாடு. முன்பகுதியில் மட்டும் வால்வு வைத்து, பவர் பகுதியை எடை குறைந்த டிரான்சிஸ்டர் வகையான 'கிளாஸ் டி' முறையில் அமைத்த மாடல்கள் சில கிலோதான். அடிக்கடி கச்சேரிக்குப் போகிறவருக்கு அதுவே ஏற்றது.

கடையில் உங்கள் கிட்டாரையே செருகி, மேடை அளவுக்குச் சத்தம் ஏற்றி வாசித்துப் பாருங்கள். குறைந்த சத்தத்தில் கேட்டு முடிவெடுக்காதீர்கள்.