130 குழிகள் ஒளிந்திருந்த புல்வெளி

கோல்ஃப் மைதானம் அமைக்கிறார்கள் என்றதும் புல்டோசர், லாரி லாரியாக மண், செயற்கை ஏரி இதெல்லாம்தானே நம் கண்முன் வரும்? அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், மல்லன் என்ற குட்டி ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் 'சாண்ட் ஹில்ஸ்' மைதானம் பிறந்த கதை இதற்கு நேர் தலைகீழ். சொல்ல ஆரம்பித்தாலே எனக்கு மனசு துள்ளுகிறது!

முதலில் இடத்தைப் பாருங்கள். கிட்டத்தட்ட 50,000 சதுர கிலோமீட்டருக்கு மணல்மேடுகள். ஆனால் பாலைவனம் இல்லை. மேடெல்லாம் புல், அந்த வேர்கள்தான் மணலை நகரவிடாமல் பிடித்து வைத்திருக்கின்றன. அடியில் ஓகலாலா என்ற மாபெரும் நிலத்தடி நீர்ப்படுகை, மேலே மேயும் மாடுகள். மல்லனில் சுமார் 500 பேர். அந்தக் கவுண்டிக்கே, அதாவது மாவட்டத்துக்கே, ஊர் என்று இருப்பது அது ஒன்றுதான்!

டிக் யங்ஸ்கேப் என்பவர் இங்கே சுமார் 8,000 ஏக்கரை வாங்கி, வடிவமைப்பாளர்கள் பில் கூர், பென் கிரென்ஷா இருவரையும் வரவழைத்தார். அவர்கள் செய்த முதல் வேலை, நடப்பதுதான். சும்மா நடந்து நடந்து பார்த்தார்கள். 'இங்கே நின்று அடித்தால், பந்து அந்தப் பள்ளத்தில் இறங்கி, அதோ அந்த மேட்டில் முடியும்' என்று தோன்றிய இடத்தையெல்லாம் வரைபடத்தில் குறித்தார்கள். கடைசியில் எத்தனை குழிகள் தெரியுமா? 130-க்கும் மேல்! கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் அந்தத் தாளுக்கு நட்சத்திர மண்டல வரைபடம் என்றே பெயர் வந்துவிட்டது.

தேவை 18-தான். அழகான குழியாக இருந்தால் மட்டும் போதாது. ஒன்றை முடித்தவர் நாலு எட்டு நடந்தாலே அடுத்ததைத் தொடங்க முடிய வேண்டும். தனியாக ஒதுங்கி நின்றால், எத்தனை அழகானாலும் கைவிட்டுத்தான் ஆக வேண்டும். எவ்வளவு இன்பமான அவஸ்தை!

மணல்குழிகளையாவது தோண்டினார்களா? அதற்கும் காற்று இருந்தது. மேட்டில் புல் கொஞ்சம் கிழிந்தால் போதும், காற்று உள்ளே புகுந்து மணலை வாரி வாரி வெளியே வீசிவிடும். ஓரமெல்லாம் பிய்ந்து கிடக்கும் அந்தப் பள்ளங்களே இங்கே பங்கர்கள். காற்று இன்னும் கையை எடுக்கவில்லை. அவற்றின் உருவத்தை மாற்றிக்கொண்டேதான் இருக்கிறது.

மைதானம் திறந்தது 1995-இல். கோல்ஃப் ஆட்டக்காரருமான கிரென்ஷா, அதே ஆண்டு ஏப்ரலில் மாஸ்டர்ஸ் என்ற பெரிய போட்டியில் தன் இரண்டாவது பட்டத்தையும் வென்றார் என்பது எனக்குக் கூடுதல் குஷி. கிளப் கட்டடம் தள்ளியே இருக்கிறது. வண்டியில் ஏறி மேட்டுக்கு மேல் வந்தால், 'பென்ஸ் போர்ச்' என்ற சின்ன மரக்குடில் வரவேற்கிறது. பென் கிரென்ஷாவின் பெயரில் ஒரு திண்ணை! அங்கே நின்றால் கண்ணுக்கு எட்டியவரை மேடும் புல்லும்தான்.

இங்கே தொடக்க கால உறுப்பினராக இருந்தவர்களில் ஒருவர் மைக் கைசர். ஊருக்கு எவ்வளவு தள்ளி இருந்தாலும் நிலம் நன்றாக இருந்தால் ஆட்டக்காரர்கள் தேடி வருவார்கள் என்று நம்பி, 1999-இல் ஓரிகன் கடற்கரையில் 'பேண்டன் டியூன்ஸ்' மைதானத்தைத் திறந்தார். வந்தார்கள், கூட்டம் கூட்டமாக! 2005-இல் அங்கேயே இன்னொரு மைதானம் திறந்தது. அதை வடிவமைத்தவர்கள் யார் என்கிறீர்கள்? அதே கூரும் கிரென்ஷாவும்தான்!