எந்த மான்டா இது?

பெரிய கொம்புத் திருக்கைகளான மான்டாக்கள் ஒரே இனம் என்றே 2009 வரை பெரும்பாலும் கருதப்பட்டன. அந்த ஆண்டில் கடல் உயிரியலாளர் ஆண்ட்ரியா மார்ஷல் குழுவினர் அவற்றை இரண்டாகப் பிரித்தனர்.

பெருங்கடல் மான்டா: தோளின் வெள்ளைத் திட்டு வாய்க்கு இணையாக நேராகத் தொடங்கும். வாயோரம் கறுப்பு. அகலம் 7 மீட்டர் வரை.

பவளப்பாறை மான்டா: திட்டு பின்னோக்கிச் சரியும். வாயோரம் வெளிர்நிறம். வயிற்றுப்புறத்தில், செவுள் பிளவுகளுக்கு இடையிலும் புள்ளிகள் இருக்கும்.

உடல் முழுதும் கறுத்த மான்டாக்களும் உண்டு. அப்போது வாலடியைப் பாருங்கள்: முதுகுத் துடுப்புக்குப் பின்னே இறுகிய சிறு புடைப்பு இருந்தால் பெருங்கடல் மான்டா.

மரபணு ஆய்வுகளும் பெருங்கடல், பவளப்பாறை மான்டாக்கள் தனித்தனி இனங்கள் என உறுதிசெய்தன. 2017-இல் இரண்டும் மோபுலா பேரினத்தில் சேர்க்கப்பட்டன.

மான்டா ஒரு சினைக்குப் பெரும்பாலும் ஒரே குட்டிதான் ஈனும். அதனால் மீன்பிடிப்பில் இழந்தவை எளிதில் ஈடாகாது; பிடிபடுவது எந்த இனம் என்று அறிந்தால்தான் அதைக் காக்க முடியும்.