பட்டனின் பிறவிக் குணம்

அன்று, இணையப் பக்கத்தில் அழகான பட்டன் வேண்டுமென்றால் பலரும் ‘டிவ்’ என்ற பொதுவான டேக்கை எடுத்து, வண்ணம் கொடுத்து, கிளிக் செய்தால் வேலை நடக்கும்படி ஜாவாஸ்கிரிப்டில் நாலு வரி எழுதிவிடுவார்கள். பார்வைக்கு அது பட்டன்தான். ஆனால் டேப் விசையை அழுத்தினால் ஃபோகஸ் அதன் மேல் நிற்காது. என்டர் தட்டினால் அசையாது. பார்வையற்றவரின் ஸ்கிரீன் ரீடர் அதைப் பட்டன் என்று அறிவிக்காது. ஹெச்டிஎம்எல்லின் அசல் பட்டனுக்கு இவையெல்லாம் பிறவிக் குணங்கள்.

அந்தக் குணங்களை இழக்காமல் புதுக் குணம் சேர்க்க முடியாதா? 2005இல் வந்த புரோட்டோடைப் நூலகம், பிரவுசரின் உறுப்புகள் மீதே தன் செயல்களை ஏற்றிப் பார்த்தது. பின்னாளில் பிரவுசரே அதே பெயரில் ஒரு செயலைக் கொண்டுவந்தால் இரண்டும் மோதிக்கொள்ளும். 2006இல் வந்த ஜேக்வெரி, உறுப்பை மாற்றாமல் அதைச் சுற்றி ஓர் உறை போட்டுக்கொண்டது.

சொந்த டேக்குகளை உருவாக்க உதவும் கஸ்டம் எலிமென்ட்ஸ் தரநிலை முறையான வழியைத் தந்தது. பட்டனின் வகுப்பிலிருந்தே நம் வகுப்பை உருவாக்கிப் பதிவுசெய்து, பட்டன் டேக்கில் ‘இஸ்’ என்ற பண்பைச் சேர்த்தால் போதும். பிறவிக் குணங்கள் அப்படியே இருக்கும். 2018இல் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் இதற்கு இடம் கொடுத்தன. சஃபாரியின் எஞ்சினை உருவாக்கும் வெப்கிட் குழு மறுத்துவிட்டது. அடிப்படை வகுப்பு நிற்கும் இடத்திலெல்லாம் அதன் வாரிசும் பிசகாமல் நிற்க வேண்டும், பிரவுசரின் உள் உறுப்புகள் அதற்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல என்பது அவர்கள் வாதம்.

இன்றும் அந்த மறுப்பு மாறவில்லை. சஃபாரிக்காக, இல்லாத வசதியை ஈடுகட்டும் தனி பாலிஃபில் நிரலைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. மாற்று வழியாக, முற்றிலும் புதிய டேக் ஒன்றைப் படிவத்தோடு இணைக்க உதவும் எலிமென்ட் இன்டர்னல்ஸ், 2023இல் சஃபாரி 16.4 வரை வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் ஃபோகஸையும் விசைகளையும் நாமேதான் எழுத வேண்டும். அட்டவணை வரிசைக்கோ அந்த வழியும் இல்லை. அட்டவணைக்குள் நேரடியாகப் புதுப் பெயரில் டேக் எழுதினால், ஹெச்டிஎம்எல் பார்சர் அதை அட்டவணைக்கு வெளியே தள்ளிவிடும்.

ஆகவே இன்று நம்பிச் செய்யக்கூடியது ஒன்று உண்டு: உங்கள் புது டேக்குக்குள் அசல் பட்டனையே வையுங்கள். எல்லா பிரவுசரிலும் செல்லும். ஜாவாஸ்கிரிப்ட் வராவிட்டாலும் படிவத்தை அனுப்பும். எழுதி முடித்ததும் மவுஸைத் தள்ளிவைத்து, டேப், என்டர், ஸ்பேஸ் மூன்றை மட்டும் கொண்டு உங்கள் பக்கத்தை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.