மூலிகைத் தீவனமும் மாட்டிறைச்சியின் தரமும்

கால்நடைகளை விரைந்து வளர்க்கும் பொருட்டுத் தீவனத்தில் நுண்ணுயிர்கொல்லி மருந்துகளைச் சேர்க்கும் வழக்கத்தைச் சுவீடன் 1986இல் தடைசெய்தது. 2006 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும் அத்தடை நடைமுறைக்கு வந்தது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகி மனிதரையும் தாக்கும் என்ற அச்சமே இதற்குக் காரணம். மருந்துகள் விட்டுச்சென்ற இடத்தை நிரப்பவல்லவை என ஒரிகானோ, தைம், றோஸ்மேரி, உள்ளி முதலியவற்றின் சாறுகளும் எண்ணெய்களும் முன்வைக்கப்பட்டன. இவை மாட்டிறைச்சியின் தரத்தை உயர்த்துமா என்பதை, ‘மூலிகை’ என்ற சொல் தரும் மயக்கத்திற்கு ஆளாகாது நாம் ஆராய்தல் வேண்டும்.

வெட்டிய இறைச்சியின் செந்நிறம், தசையிலுள்ள மயோகுளோபின் ஒட்சிசனுடன் சேர்வதால் உண்டாவது. நாட்செல்ல அது ஒட்சியேற்றமடைந்து கபில நிறமாகின்றது. கொழுப்பும் அவ்வாறே கெட்டு வேண்டாத நெடியைத் தருகின்றது. விற்றமின் ஈ போதியளவு உண்ட மாட்டின் தசைக்கல மென்சவ்வுகளில் அது படிந்து இம்மாற்றத்தைத் தாமதிக்கச் செய்யும் என்பது நன்கு நிறுவப்பட்ட உண்மை. மூலிகைகளிலுள்ள பீனோல் சேர்வைகளும் ஆய்வுகூடக் குழாயில் இத்தகைய ஆற்றலைக் காட்டுவன.

ஆயின் மாட்டின் வாய்க்கும் தசைக்கும் இடையே அசையூன் இரைப்பை உள்ளது. அங்கு வாழும் நுண்ணங்கிகள் இச்சேர்வைகள் பலவற்றைச் சிதைத்துவிடுகின்றன. மறுபுறம், ஒரிகானோவின் காவக்குரோலும் தைமின் தைமோலும் அந்நுண்ணங்கிகளையே தாக்கவல்லன. அளவு மிகின் சமிபாடு குன்றும். சில தாவரங்களிலுள்ள தனின்கள், நிரம்பாத கொழுப்பமிலங்கள் இரைப்பையில் ஐதரசனேற்றமடைவதைக் குறைத்து, இறைச்சிக் கொழுப்பின் தன்மையை மாற்றக்கூடும். எனவே தாவரம், அளவு, அடிப்படைத் தீவனம் ஆகியவற்றுக்கேற்ப விளைவு வேறுபடும். இறைச்சியின் மென்மையோ பெரிதும் விலங்கின் வயது, இனம், கொல்லுமுன் அதற்கு நேர்ந்த கலக்கம், கொன்றபின் இறைச்சியைப் பதப்படுத்திய காலம் என்பவற்றைப் பொறுத்தது.

இங்கு ‘தரம்’ என்பது யாருடைய தரம் என்ற வினா எழுகின்றது. நிறம் நீடிப்பதால் பண்டம் கடைத்தட்டில் கூடுதலான காலம் விலைபோகும். அதன் மாற்றுப் பெறுமதி காக்கப்படுகின்றது. உண்போனுக்குரிய பயன் பெறுமதி அதே அளவில் உயர்ந்தது என்பதற்கு நிறம் சான்றாகாது.

பசும்புல்லில் விற்றமின் ஈயும் கரோட்டினும் லினோலெனிக் அமிலமும் இயல்பாகவே உண்டு. தானியம் ஊட்டும் தொழுவங்கள் மாட்டைப் புல்லிலிருந்து பிரித்தன. விரைவே அதன் நோக்கம். றொபேட் பேக்வெல் செம்மறியாடு வளரும் காலத்தைச் சுருக்கியதை, 1885இல் வெளிவந்த ‘மூலதனம்’ இரண்டாம் தொகுதியில் மார்க்ஸ் சுட்டிக்காட்டியமை இவ்விடத்து நினைக்கத்தக்கது. புல் இலவசமாகத் தந்ததன் ஒரு பகுதியே இன்று பொதியில் அடைக்கப்பட்டு, தீவனச் சேர்க்கை என்ற புதிய பண்டமாக விற்கப்படுகின்றது.

பழைய மேய்ச்சல் வாழ்வை இலட்சியப்படுத்துவது நமது நோக்கமன்று. மூலிகைச் சேர்க்கைகளுக்கு வரையறுக்கப்பட்ட பயன் உண்டு. அது சோதனையால் தீர்மானிக்கப்படவேண்டுமேயன்றி விளம்பரத்தாலன்று. உற்பத்தியின் வேகத்துக்குச் சமூகம் எல்லை வகுக்க முடியும் என்பதை 2006ஆம் ஆண்டுத் தடை காட்டியது. தரத்தை வரையறுக்கும் உரிமையும் அவ்வாறே சமூகத்தின் கைக்கு வருதல் வேண்டும்.