டீ கிளாஸின் அடிப்பக்கம்

உங்கள் முன்னால் இருக்கிற டீ கிளாஸை இந்தப் பேப்பரில் வரையுங்களேன். அரை நிமிஷம் போதும். வாய்க்கு நீள்வட்டம் போட்டுவிட்டீர்கள், சரி. அடிக்கு ஏன் நேர்கோடு? கொஞ்சம் பாருங்கள். அடியும் வளைந்துதான் தெரிகிறது, அதுவும் வாயைவிடக் கூடுதலாக. மேஜை தட்டை என்று தெரியும், அதனால் கோடு இழுத்துவிட்டீர்கள். கண் சொன்னதைக் கை கேட்கவில்லை.

ஒன்பதாம் வகுப்பில் 'இயற்கைக் காட்சி' என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓர் ஆறு, ஒரு குடிசை, சாய்ந்த தென்னை. மலையே பார்க்காத தஞ்சாவூர்ப் பிள்ளையும் அதையேதான் போடும். கற்பனைக்கு ஒன்றும் பஞ்சமில்லை; கை மனப்பாடம் பண்ணிவிட்டது.

லாஸ் ஏஞ்சல்ஸில் வெனிஸ் உயர்நிலைப் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்த பெட்டி எட்வர்ட்ஸுக்கும் 1960களில் இதே தலைவலி. ஒருநாள் ஏதோ தோன்றி, ஒரு படத்தைத் தலைகீழாக வைத்துப் பார்த்து வரையச் சொன்னார். நேராக வைத்தபோது திணறிய பிள்ளைகள் இப்போது நன்றாக வரைந்தார்கள். படம் கவிழ்ந்ததும் மூக்கு, விரல் என்கிற பெயர்கள் கழன்றுபோயின. கோடு எங்கே திரும்புகிறது என்பதுதான் மிச்சம். 1979-இல் அவர் எழுதிய புத்தகத்தில் இந்தப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது, பிக்காசோ 1920-இல் வரைந்த, இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் படம். வலது மூளை, இடது மூளை என்று அதில் அவர் தந்த விளக்கத்தை இன்றைய நரம்பியல் அப்படியே ஏற்பதில்லை. பயிற்சி வேலை செய்கிறது, எனக்கு அது போதும்.

நான் நடத்தும் ஓவியப் பட்டறையில் முதலில் பிள்ளைகளிடமிருந்து ரப்பர்களை வாங்கி வைத்துக்கொள்வேன். 'சார், இது சரியா?' என்ற கேள்வி பாதி அதோடு போய்விடும். பிறகு நாற்காலியை வரையாமல், கால்களுக்கு நடுவே தெரிகிற இடைவெளிகளை மட்டும் வரையச் சொல்வேன். முதலில் சிரிப்பார்கள். இருபது நிமிஷத்தில் சத்தம் அடங்கும். ஒருமுறை ஒரு பெண், வரைந்த இடைவெளிகளில் ஒன்றைக் காட்டி, 'இது கொக்கு மாதிரி இருக்கு' என்றாள். அடுத்த தாளில் அந்தக் கொக்கு வளர்ந்தது, நாற்காலி காணாமல் போனது. பள்ளியின் நாற்பது நிமிஷப் பீரியடில் இதற்கெல்லாம் ஏது நேரம்? இரண்டு மணி நேரமாவது வேண்டும்.

பேப்பரைத் திருப்பி இன்னொரு தடவை வரையுங்கள். டீயைக் குடித்துவிடாதீர்கள், அதன் மட்டமும் ஒரு நீள்வட்டம்தான்.