காப்புறுதிப் பத்திரமும் பூட்டிய வீடும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வீடு மகளுக்குச் சீதனமாகவும், வங்கிக்கு ஈடாகவும், கடல்கடந்த பிள்ளைகள் திரும்பி வருதற்குரிய இடமாகவும் விளங்குகின்றது. பல குடும்பங்களின் வாழ்நாட் சேமிப்பு முழுவதும் அதிலேயே அடங்கியிருக்கின்றது. 2008ஆம் ஆண்டில் நிஷாப் புயலும், 2020ஆம் ஆண்டில் புரெவிப் புயலும் குடாநாட்டில் வெள்ளத்தைப் பெருக்கியபோது, அச்சேமிப்புக்கு எத்துணை எளிதில் ஊறு நேருமென்பது பலருக்கும் விளங்கிற்று. இத்தகைய இடர்களை எண்ணியே மக்கள் வீட்டைக் காப்புறுதி செய்கின்றனர். ஆயினும், ஆண்டுதோறும் தவணைக் கட்டணம் செலுத்தி வந்த ஒருவருக்குத் தமது பத்திரம் முடிவுற்றதென்று எதிர்பாராத வகையில் ஒரு கடிதம் வந்தால், அவர் யாது செய்வார்? அநீதியென்று சினப்பாரோ, விதியென்று வாளாவிருப்பாரோ? இரண்டுக்கும் முன்னர் அவர் அறிய வேண்டுவன சில உள.

காப்புறுதி ஓர் ஒப்பந்தம். அதனை ஆளுஞ் சட்டம் எது என்பதே பலர் அறியாத செய்தி. குடாநாட்டுத் தமிழரின் காணியுரிமையைத் தேசவழமை ஆள்கின்றது. தேசவழமை வாய் திறவாதவிடத்து உரோம-டச்சுச் சட்டம் வழிகாட்டுகின்றது. அக்காணியில் எழுந்த வீட்டின் தீக்காப்புறுதி பற்றிப் பிணக்கு எழுமாயின், நீதிமன்றம் நோக்குவது ஆங்கிலச் சட்டத்தையே. இலங்கைச் சட்டம் வேறுவிதமாக விதித்தாலன்றி, ஆயுட் காப்புறுதிக்கும் தீக்காப்புறுதிக்கும் ஆங்கிலச் சட்டமே ஏற்குமென 1866ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வகுத்தது.

இனி, பத்திரம் 'முடிவுற்றது' என்னுஞ் சொல் நான்கு வேறு நிகழ்ச்சிகளைக் குறிக்கக்கூடும். இந்நான்கையும் பிரித்தறியாமையாலேயே பிணக்குகள் பல நீளுகின்றன.

முதலாவது, கட்டணஞ் செலுத்தாமை. குறித்த நாட்களுக்குள், பெரும்பாலும் 60 நாட்களுக்குள், கட்டணம் முழுவதும் செலுத்தப்படாவிடின் காப்பு அற்றுப்போகும் என்னும் வாசகம் இலங்கையிற் பொதுக் காப்புறுதிப் பத்திரங்களில் வழக்கமாக உண்டு. ஈட்டுக்கடன் பெற்றோர் இங்கே விழிப்பாயிருத்தல் வேண்டும். கட்டணத்தை வங்கியே கணக்கிலிருந்து எடுத்துச் செலுத்துமென்று அவர் நம்பியிருப்பார்; கணக்கிலோ போதிய பணம் இராது. செலுத்திய பற்றுச்சீட்டைக் கண்ணாற் கண்டாலன்றி நம்பியிருத்தல் தகாது.

இரண்டாவது, ஆண்டு முடிவிலே புதுப்பிக்க மறுத்தல். பத்திரம் ஓராண்டுக்குரியதாயின், அடுத்த ஆண்டுக்கும் அதனைத் தரவேண்டுமென்று நிறுவனத்தை வற்புறுத்தல் பொதுவாக இயலாது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலே ஸ்டேட் பாம் என்னும் நிறுவனம், வீடுகளுக்கும் அடுக்குமாடி மனைகளுக்குமுரிய ஏறத்தாழ 72,000 பத்திரங்களைப் புதுப்பிப்பதில்லையென 2024ஆம் ஆண்டில் அறிவித்தது. அம்மாநிலத்திலும், 60 நாட்கள் நடைமுறையிலிருந்த வீட்டுப் பத்திரமொன்றைக் கட்டணம் செலுத்தாமை, மோசடி முதலாகச் சட்டங் குறித்த காரணங்களாலன்றி இடைநடுவில் இரத்துச் செய்தல் ஆகாது. புதுப்பிக்க மறுத்தல் வேறு, இடைநடுவில் இரத்துச் செய்தல் வேறு என்பதை இது காட்டும்.

மூன்றாவது, அந்த இடைநடுவு இரத்து. ஆங்கிலச் சட்டத்தில் இதற்கு 1889ஆம் ஆண்டின் 'சன் பயர் ஒபிஸ் எதிர் ஹார்ட்' என்னும் வழக்குத் தீர்ப்பு முன்மாதிரியாயிற்று. மேற்கிந்தியத் தீவுகளிலே ஒரு தோட்டத்தில் அடுத்தடுத்துத் தீ மூண்டது. மேலுந் தீ வைக்கப்படுமென்று பெயரில்லாக் கடிதமொன்றும் வந்தது. நிறுவனம் அறிவித்தல் கொடுத்துப் பத்திரத்தை இரத்துச் செய்தது. எக்காரணத்தாலேனும் காப்பை முடிக்க விரும்பின் முடிக்கலாமென்று பத்திரத்தில் எழுதியிருந்தமையால், நிறுவனம் செய்தது செல்லுமென்று இலண்டன் பிரிவிக் கவுன்சில் தீர்த்தது. 1971ஆம் ஆண்டு வரை இலங்கை வழக்குகளுக்கும் இறுதி மன்றமாயிருந்தது அக்கவுன்சிலே.

எனினும் இவ்வுரிமை எல்லையற்றதன்று. பத்திரத்தில் அத்தகைய வாசகம் இருத்தல் வேண்டும். அதிற் குறித்தவாறு அறிவித்தல் கொடுத்தல் வேண்டும். எஞ்சிய காலத்துக்குரிய கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தல் வேண்டும். ஆண்டுக் கட்டணம் 24,000 ரூபாவாகவும், ஐந்து மாதம் கழிந்தபின் நிறுவனம் இரத்துச் செய்ததாகவும் கொள்வோமாயின், எஞ்சிய ஏழு மாதங்களுக்குரிய 14,000 ரூபா வீட்டுக்காரருக்குரியதாகும். அறிவித்தற் காலம் முடியுமுன் வீடு தீப்பற்றின், இரத்தைக் காரணங்காட்டி நட்டஈட்டை மறுத்தல் இயலாது.

நான்காவது, பத்திரத்தை அடியோடு செல்லாததாக்கல். காப்புறுதி நாடுவோர் இடரைப் பற்றித் தாமறிந்த முக்கியமான செய்திகளை மறைத்தலாகாது. 1766ஆம் ஆண்டில், சுமாத்திராத் தீவிலிருந்த ஒரு கோட்டையைப் பற்றிய 'காட்டர் எதிர் போம்' வழக்கில் மான்ஸ்பீல்ட் பிரபு இவ்விதியை விளக்கினார். நல்லெண்ணம் இருபாலார்க்கும் உரிய கடமையென்று கூறிய அவர், நிறுவனத்தார் தாமே அறிந்திருக்கக்கூடிய செய்தியைச் சொல்லவில்லையென்று பின்னர்க் குறைகூறுதல் பொருந்தாதெனக் கண்டு, காப்புறுதி செய்தவர் பக்கமே தீர்ப்பளித்தார். முகவர் நேரில் வந்து வீட்டைப் பார்த்துச் சென்றவிடத்து இக்கருத்து மிகவும் பயன்படும்.

குடாநாட்டுக்கே சிறப்பாயுரிய இடர் ஒன்றுண்டு; அது பூட்டிய வீடு. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் வீடுகளைப் பூட்டிக்கொண்டு தென்மராட்சிக்கும் அப்பாலும் சென்றனர். இன்றும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழ்வோரின் வீடுகள் பல, ஆண்டின் பெரும்பகுதி ஆளின்றிக் கிடக்கின்றன. வீடு தொடர்ந்து 30 நாட்களுக்கு மேல் ஆளற்றிருப்பின், முன்கூட்டியே நிறுவனத்தின் உடன்பாட்டை எழுத்திற் பெற்றாலன்றிக் காப்பு ஏற்காதென்னும் நிபந்தனை தீக்காப்புறுதிப் பத்திரங்களிற் பொதுவாகக் காணப்படும். வளவைக் கூட்டிப் பெருக்க ஒருவர் கிழமைக்கொருமுறை வந்துபோவதைக் குடியிருப்பென்று நிறுவனம் ஏற்குமென எண்ணுதல் தவறு. மேலும், அறிவித்தற் கடிதம் பத்திரத்திற் கண்ட முகவரிக்கே பதிவுத் தபாலில் வரும். வீட்டுக்காரர் அயல்நாட்டிலிருக்க, அது படலையிலிருந்தே திரும்பிப் போகும். ஆதலால் வெளிநாட்டு முகவரியையோ, ஊரிலுள்ள நம்பிக்கையான உறவினரின் முகவரியையோ நிறுவனத்துக்கு எழுத்திற் கொடுத்தல் இன்றியமையாதது.

இரத்துக் கடிதம் வந்துவிட்டால், உறையையும் அஞ்சல் முத்திரையையும் பாதுகாத்து வைத்தல் வேண்டும். அறிவித்தற் காலம் எப்போது தொடங்கிற்று என்பதற்கு அவையே சான்று. எந்த நிபந்தனையின்படி, எந்த நாளிலிருந்து, எவ்வளவு கட்டணம் திரும்புமென்னும் மூன்று வினாக்களையும் எழுத்திற் கேட்டல் வேண்டும். பிணக்கு நடக்கும்போதே வேறு நிறுவனத்திற் காப்புத் தேடுதல் அறிவுடைமை. அங்கே முன்னைய இரத்தை மறைத்தலாகாது.

நிறுவனத்தின் விடை நிறைவளிக்காவிடின், 2005ஆம் ஆண்டில் ஏற்பட்ட காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் கட்டணமின்றி முறையிடலாம். அவர் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், முறையிட்டவரைக் கட்டுப்படுத்தாது. ஆதலின், அத்தீர்ப்பை ஏலாதவர்க்கு நீதிமன்றத்தின் கதவு அடைபடுவதில்லை. 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் காப்புறுதி ஒழுங்குமுறைப்படுத்தல் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். அது அரச நிறுவனமாகையால், தமிழிலேயே எழுதவும் தமிழிலேயே விடை பெறவும் குடிமக்களுக்கு உரிமையுண்டு.

வீட்டு உறுதியைப் பெட்டியிற் பூட்டிக் காப்பவர் பலர். காப்புறுதிப் பத்திரத்தின் நிபந்தனைகளை ஒருமுறையேனும் முழுவதும் படித்தவர் சிலரே. பத்திரம் ஆங்கிலத்தில் இருப்பின், அறிந்தாரைக் கொண்டு அதனை வாசிப்பித்து, இரத்து, ஆளற்ற வீடு, அறிவித்தல் முகவரி என்னும் மூன்று பகுதிகளையேனும் மாரி தொடங்குமுன் தெளிந்துகொள்ளுதல் நலம்.